"டேட்டா எடுத்துட்டேன் ணா, எந்த டெஸ்ட் போடணும்?"

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும், ஜூனியர் பையன் ஒருத்தன் போன் பண்ணான். பிஸியோ ஃபைனல் இயர். "அண்ணா, 40 பேஷண்ட் டேட்டா எடுத்து முடிச்சுட்டேன், எந்த டெஸ்ட் போடணும்னு மட்டும் சொல்லுங்க ணா, பத்து நாள்ல சப்மிஷன்"னான். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா ப்ராஜெக்ட் சீசன் வந்தா இந்த போன் நாலஞ்சு கண்டிப்பா வரும். நர்சிங் புள்ளைங்க, பார்மசி பசங்க, ஒரு தடவை எம்.டி. படிக்கிற டாக்டரே கூப்பிட்டார். ஆளு மாறும், கேள்வி மாறாது. டேட்டா எடுத்தாச்சு, டெஸ்ட் என்ன? டெஸ்ட்னா ரத்த டெஸ்ட் இல்ல, அந்த டேட்டாவை வச்சு போடுற புள்ளியியல் கணக்கு.

இந்த கேள்விக்கு 1938லயே ஒருத்தர் பதில் சொல்லிட்டாரு, அதுவும் நம்ம நாட்டுல வச்சே. ரொனால்ட் ஃபிஷர், இன்னைக்கு நம்ம படிக்கிற ஸ்டாட்ஸ்ல, அதாவது புள்ளியியல்ல, பாதி அவர் போட்ட ரோடு தான். கல்கத்தாவுல நடந்த முதல் இந்திய புள்ளியியல் மாநாட்டுக்கு தலைமை தாங்க வந்தவர் அங்க பேசுறப்ப சொன்னது: ஆராய்ச்சி எல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்டாட்டிஸ்டீஷியன்கிட்ட போறது போஸ்ட்மார்ட்டம் பண்ண கூப்பிடுற மாதிரி தான், ஆராய்ச்சி எதனால செத்துச்சுன்னு வேணா அவர் சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில படிக்கிற நமக்கு இதை தனியா விளக்க வேண்டியதில்ல.

ஆனா பசங்கள மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல. நமக்கு இதை சொல்லிக்குடுக்குற வரிசையே தலைகீழ். முதல்ல மீன், மீடியன், மோட். அப்புறம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஃபார்முலா, கையில கணக்கு போடணும், எக்ஸாம்ல அஞ்சு மார்க்குக்கு கை-ஸ்கொயர்னு ஒரு டெஸ்ட் வரும். ரிசர்ச் மெத்தட்ஸ் இன்னொரு புக்ல இன்னொரு மேடம் எடுப்பாங்க, அதுல "ஸ்டடி டிசைன் வகைகள்"னு ஒரு மரம் வரைஞ்சு கிளை கிளையா எழுதிட்டு வந்துருவோம். இந்த ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கம்னு ப்ராஜெக்ட் வர்ற வரைக்கும் யாரும் சொல்றதில்ல. வார்டு போஸ்டிங், கேஸ் ஷீட், இன்டெர்னல்ஸ்னு ஓடிட்டு இருக்கறப்ப ப்ராஜெக்ட் வந்து நிக்கும், சீனியரோட பழைய தீசிஸ் ஒண்ணு கைக்கு வரும், அதே மாதிரி ஒண்ணு செஞ்சுட வேண்டியது தான். நானும் அப்படித்தான் செஞ்சேன்.

என்னோடது ஃப்ரோசன் ஷோல்டர், தோள் இறுகிப் போய் தூக்க முடியாம போற வியாதி. 30 பேஷண்ட், ரெண்டு குரூப், 15-15. ஒரு குரூப்புக்கு எக்சர்சைஸ் மட்டும், இன்னொண்ணுக்கு எக்சர்சைஸோட ஒரு மேனுவல் டெக்னிக். கோனியோமீட்டர் வச்சு தோள் எத்தனை டிகிரி தூக்குறாங்கன்னு முன்னாடி ஒரு தடவை, ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை அளந்தேன். ரெண்டு குரூப்புக்கும் தனித்தனியா பேர்ட் டி டெஸ்ட், அதாவது அதே ஆளுங்களோட முன்-பின் அளவை கம்பேர் பண்ற டெஸ்ட் போட்டேன், ரெண்டுலயும் பி வேல்யூ 0.05க்கு கீழ வந்துச்சு (அது என்னன்னு பின்னாடி சொல்றேன், இப்போதைக்கு அதுக்கு கீழ வந்தா "சிக்னிஃபிகன்ட்"னு எழுதிக்கலாம்னு வச்சுக்கோங்க), அன்னைக்கு பூரா ஒரே சந்தோஷம். முடிவுரையில "இந்த டெக்னிக் பயனுள்ளது"ன்னு எழுதிட்டேன். வைவாவுக்கு வந்த வெளி எக்ஸாமினர் கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாரு. "ஏம்பா, நீ ஒண்ணுமே பண்ணாம ஆறு வாரம் சும்மா விட்டிருந்தா?"

அவ்ளோ தான், வாய் அடைச்சு போச்சு. ஃப்ரோசன் ஷோல்டர் மெதுவா தானாவே விட்டுக்குடுக்குற வியாதி, அது பிஸியோ படிச்ச எல்லாருக்கும் தெரியும். அது போக, வலி உச்சத்துல இருக்கறப்ப தான் ஆளு ஓ.பி.க்கே வருவாங்க, உச்சத்துக்கு அப்புறம் எறக்கம் தானே, நீங்க என்ன பண்ணாலும் அடுத்த தடவை அளக்குறப்ப கொஞ்சம் நல்லா தான் இருக்கும். அதனால முன்-பின் கம்பேர் பண்ணா பாதி நேரம் சிக்னிஃபிகன்ட் தான் வரும், அது உங்க கைராசி இல்ல. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இந்த குரூப்புக்கும் அந்த குரூப்புக்கும் முன்னேற்றத்துல வித்தியாசம் இருக்கான்னு. வீட்டுக்கு வந்து அந்த கணக்கை போட்டு பாத்தேன், ஒரு வித்தியாசமும் இல்ல.

இதுக்கு பெரிய உதாரணம் டிபி தான். 1948ல பிரிட்டன் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் ஸ்ட்ரெப்டோமைசின் ட்ரையல் ரிசல்ட்ட வெளியிட்டாங்க, நவீன ராண்டமைஸ்டு ட்ரையலுக்கெல்லாம் தாத்தான்னு இதைத்தான் சொல்லுவாங்க. மருந்து எல்லாருக்கும் பத்தாது, போர் முடிஞ்ச நேரம், அதனால யாருக்கு மருந்துன்னு டாக்டர் மனசுல முடிவு பண்ணாம ராண்டம் நம்பர் வச்சு சீல் வச்ச கவர்ல போட்டு முடிவு பண்ணாங்க. பிராட்ஃபோர்ட் ஹில்ங்கற ஸ்டாட்டிஸ்டீஷியனோட வேலை அது. மொத்தம் 107 பேர். 55 பேருக்கு படுக்கை ஓய்வோட மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாசத்துல மருந்து குரூப்ல 4 பேர் செத்தாங்க, மத்ததுல 14 பேர். ஓய்வு மட்டும் எடுத்தவங்கள்லயே மூணுல ஒருத்தருக்கு எக்ஸ்ரேல ஏதோ ஒரு அளவு முன்னேற்றம் இருந்துச்சு. அந்த 52 பேர் இல்லாம போயிருந்தா, "மருந்து குடுத்தோம், நல்லா ஆச்சு"ன்னு எந்த மருந்துக்கு வேணா கதை சொல்லிருக்கலாம். மத்த மருந்துகளுக்கு அப்படித்தான் காலங்காலமா சொல்லிட்டும் இருந்தாங்க.

அந்த நம்பரை வச்சு ஒரு சின்ன கணக்கு பாருங்க, ஏன்னா ஸ்டாட்ஸ்னா இதுவும் தான். 55ல 4ன்னா சுமார் 7 சதவீதம், 52ல 14ன்னா சுமார் 27 சதவீதம், வித்தியாசம் 20. அப்போ அஞ்சு பேருக்கு மருந்து குடுத்தா அந்த ஆறு மாசத்துல ஒரு உசுரு மிஞ்சும். பேஷண்டோட மகன் வந்து "இந்த மருந்து குடுத்தா பொழைச்சுக்குவாராங்க?"ன்னு கேட்டா அவருக்கு சொல்றதுக்கு இந்த அஞ்சுல ஒண்ணு உதவும், பி வேல்யூ உதவாது.

நம்ம ஊர் கதை இதைவிட சுவாரசியம். அந்தக் காலத்துல டிபின்னா சானடோரியத்துல சேக்கணும், நல்ல சாப்பாடு, நல்ல காத்து, ஓய்வு, இதெல்லாம் இல்லாம குணமாகாதுன்னு தான் உலகமே நம்புச்சு. இந்தியாவுல இருந்த நோயாளிங்க எண்ணிக்கைக்கு அத்தனை பெட்டுக்கு எங்க போறது? 1956ல மெட்ராஸ்ல ஒரு சென்டர் ஆரம்பிச்சாங்க, இப்போ சேத்துப்பட்டுல இருக்குற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆரம்பம் அது தான். ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மாநில அரசு, டபிள்யூ.எச்.ஓ., அதே பிரிட்டன் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. 193 ஏழை நோயாளிங்க, பாதி பேரை சானடோரியத்துக்கு அனுப்பி மீதி பேரை வீட்டுலயே வச்சு ரெண்டு பக்கத்துக்கும் அதே மாத்திரைங்களை ஒரு வருஷம் குடுத்தாங்க. யார் எங்கங்கறது ராண்டமா தான் முடிவாச்சு. வீட்டுல இருந்தவங்க மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களான்னு சொல்லாம கொள்ளாம போய் யூரின் டெஸ்ட் வேற.

1959ல ரிசல்ட் வந்துச்சு, ரெண்டு பக்கமும் குணமானவங்க கிட்டத்தட்ட ஒண்ணு தான். நெரிசலான வீடு, அரைகுறை சாப்பாடு, வேலைக்கும் போய்ட்டு வந்தவங்க, அவங்களும் தேறிட்டாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால நோய் கூடுதலா பரவல. இன்னைக்கு டிபி பேஷண்ட் வீட்டுல இருந்தே மாத்திரை வாங்கி சாப்பிடுறாங்கன்னா அதுக்கு பின்னாடி அந்த 193 பேர் இருக்காங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஒரு சின்ன விவரம், சானடோரியத்துல இருந்தவங்களுக்கு வெயிட் அதிகமா ஏறிருந்துச்சு. அதாவது வெயிட்ட மட்டும் அளந்து பேப்பர் போட்டிருந்தா சானடோரியம் ஜெயிச்சிருக்கும்! சளியில கிருமி போச்சா இல்லையாங்கறத பிரதானமா வச்சதால தான் உண்மை வந்துச்சு. எதை அளக்கப் போறோம்ங்கறது எந்த டெஸ்ட்ங்கறத விட எவ்ளோ பெரிய முடிவுன்னு புரியுதா.

ராண்டமா பிரிக்கலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு புக்ல கன்ஃபவுண்டிங்னு, அதாவது வேற ஒரு காரணம் நடுவுல பூந்து குழப்புறதுன்னு, ஒரு சாப்டர் இருக்கும், படிச்சா தூக்கம் வரும், வார்டுல பாத்தா உடனே புரியும். ஏர் பெட்ல படுத்திருக்குறவங்களுக்கும் சாதா பெட்ல இருக்குறவங்களுக்கும் பெட்சோர் யாருக்கு அதிகம்னு எண்ணி பாருங்க, ஏர் பெட்ல தான் அதிகமா இருக்கும். அப்போ ஏர் பெட் தான் புண்ணு போடுதா? அசையவே முடியாத ஆளா பாத்து தானே சிஸ்டர் ஏர் பெட் போட சொல்றாங்க.

இப்போ பி வேல்யூ. இதை பத்தி எல்லாரும் ஒரு வரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம், கேட்டா பாதி பேர் தப்பா தான் சொல்லுவோம். ஃபிஷர் ஒரு அம்மா பால முதல்ல ஊத்துன டீயா டீய முதல்ல ஊத்துனதான்னு குடிச்சே கண்டுபிடிப்பேன்னு சொன்னதை வச்சு விளக்குனார், நம்ம அதை காபின்னு வச்சுக்குவோம். உங்க பெரியம்மா "டிகாஷன் முதல்ல ஊத்தி பால் ஊத்துனா ஒரு ருசி, பால்ல டிகாஷன் ஊத்துனா வேற ருசி, எனக்கு தெரியும்"ங்கறாங்க. சரின்னு எட்டு டம்ளர் கலக்குறீங்க, நாலு அப்படி, நாலு இப்படி, மாத்தி மாத்தி வச்சுட்டு எந்த நாலு டிகாஷன் முதல்லன்னு கேக்குறீங்க. எட்டுல நாலை பொறுக்குறதுக்கு 70 வழி இருக்கு. பெரியம்மா சும்மா அடிச்சு விட்டு எல்லாமே சரியா வர வாய்ப்பு 70ல 1, அதாவது 0.014. இது தான் பி வேல்யூ. பெரியம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்கிட்டா இப்படி ஒரு ரிசல்ட் வர எவ்ளோ வாய்ப்பு, அவ்ளோ தான் அது சொல்லுது. பெரியம்மாவுக்கு தெரியாம இருக்க வாய்ப்பு 1.4 சதவீதம்னு சொல்லல, அது வேற கேள்வி, ரெண்டையும் குழப்பிக்கிட்டு தான் வைவால மாட்டுறோம்.

அதுவே பெரியம்மா நாலுல மூணு தான் சரியா சொன்னாங்கன்னா? மூணு சரியா வர 16 வழி, நாலும் சரியா வர 1 வழி, மொத்தம் 70ல 17, கிட்டத்தட்ட 0.24. ஒரே ஒரு டம்ளர்ல கோட்டை விட்டாங்க, 0.014ல இருந்து 0.24க்கு தாவிருச்சு. அவங்க நாக்கு மாறல, டம்ளர் பத்தல. சின்ன ஸ்டடில பி வேல்யூ இப்படித்தான் ஒரு ஆளு ரெண்டு ஆளுக்கெல்லாம் ஆடும். அப்புறம் அந்த 0.05, அது ஏதோ இயற்கை விதி மாதிரி பேசுறாங்க, 1925ல ஃபிஷர் இருபதுல ஒண்ணுன்னா வசதியா இருக்கும்னு வச்ச கோடு அது. 0.049க்கு பார்ட்டியும் 0.051க்கு ஒப்பாரியும் வைக்கிறது நம்மளா சேத்துக்கிட்டது.

அந்த ஒப்பாரி தான் பெரிய கொடுமை. "சார், சிக்னிஃபிகன்ட் வரல சார்"னு சொல்றப்ப பசங்க மொகத்தை பாக்கணும், அரியர் வந்த மாதிரி இருக்கும். சில இடத்துல கைடே "இன்னும் அஞ்சு பேஷண்ட் சேத்து பாரு"ம்பாங்க, வர்ற வரைக்கும் சேக்குறது, பெரியம்மாவுக்கு சரியா வர்ற வரைக்கும் காபி போட்டுக் குடுக்குற கதை. வித்தியாசம் இல்லைங்கறதும் ஒரு ரிசல்ட் தான், அதுவும் நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. 1968ல அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம், இப்போ திருவள்ளூர் பக்கம், லட்சக்கணக்கான பேரை வச்சு பி.சி.ஜி. தடுப்பூசி ட்ரையல் ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் சும்மா ஊசி, 15 வருஷம் பின்தொடர்ந்தாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய அது தடுக்கலன்னு தான் முடிவு வந்துச்சு. உலகமே அதிர்ச்சி ஆச்சு, ஆனா யாரும் அந்த ரிசல்ட்ட அலமாரில வச்சு பூட்டல. குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சல் டிபி மாதிரி மோசமான வகையில இருந்து அது காப்பாத்துதுங்கறதால பிறந்ததும் போடுற வழக்கம் இன்னும் தொடருது.

ஒரு விஷயம், வித்தியாசம் இல்லன்னு சொல்லணும்னாலும் அதுக்கு ஆளு வேணும். சாம்பிள் சைஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா "30 வச்சா போதும்னு சீனியர் சொன்னாங்க"ன்னு தான் நானும் சொன்னேன். பேனாவும் பேப்பரும் போதும், பாருங்க. தோள் தூக்குறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 20 டிகிரின்னு வைங்க. ரெண்டு குரூப்புக்கும் நடுவுல 10 டிகிரி வித்தியாசம் இருந்தா கண்டுபிடிக்கணும். 20ஐ ஸ்கொயர் பண்ணி 16ஆல பெருக்கி 10 ஸ்கொயரால வகுத்துடுங்க, 64 வரும். ஒரு குரூப்புக்கு 64 பேர், மொத்தம் 128, வழக்கமான 80 சதவீத பவருக்கு (நிஜமாவே அந்த வித்தியாசம் இருந்தா ஸ்டடி அதை கண்டுபிடிக்கிற வாய்ப்பு தான் பவர், அந்த 16 இதுக்காக வர்ற எண்). நான் வச்சது 15. அதை திருப்பி போட்டா, 15 பேரை வச்சு என்னால உருப்படியா கண்டுபிடிக்க முடியுற வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல. ஒரு டெக்னிக் வெறும் எக்சர்சைஸை விட 20 டிகிரி அதிகமா குடுக்கும்னு எதிர்பாக்குறது ரொம்ப அதிகம், அப்போ நான் தேடப்போன பொருளை விட என் வலையோட ஓட்டை பெருசு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இந்த கணக்கை போட்டிருந்தா 30 பேஷண்ட்ட ஆறு வாரம் அலைய விட்டிருக்க மாட்டேன்.

நர்சிங், எம்.பி.பி.எஸ். பசங்களுக்கு இன்னொரு ஃபார்முலா மனப்பாடமா இருக்கும், 4 பி கியூ பை எல் ஸ்கொயர். ஊர்ல எத்தனை சதவீதம் பேருக்கு சுகர்னு சர்வே எடுக்கத் தான் அது. 20 சதவீதம் இருக்கும்னு எதிர்பாக்குறோம், அஞ்சு சதவீதம் முன்ன பின்ன போனா பரவால்லன்னா 4 பெருக்கல் 20 (அது பி) பெருக்கல் 80 (நூறுல மீதி, அது கியூ) வகுத்தல் 25 (எல் அஞ்சு, அதோட ஸ்கொயர்), 256 பேர். அதை கொண்டு வந்து ரெண்டு குரூப் ட்ரையலுக்கு போட்டு வச்சிருக்குற தீசிஸ் எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா.

மாஸ்டர் சார்ட், அதாவது எல்லா பேஷண்ட் டேட்டாவையும் ஏத்துற ஷீட், அதை பத்தி எந்த புக்லயும் ஒழுங்கா எழுத மாட்டேங்குறாங்க, ஆனா நேரம் பூரா அதுல தான் போகும். எனக்கு வர்ற எக்செல் ஷீட்ல ஒரு செங்குத்து வரிசையில "யெஸ்"னு இருக்கும், கீழ வெறும் "ஒய்", அதுக்கு கீழ "யெஸ்"ஸுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ். நமக்கு மூணும் ஒண்ணு, சாஃப்ட்வேருக்கு மூணு வகை. பி.பி. 120/80ன்னு ஒரே கட்டத்துல இருக்கும், அதுக்கு எப்படிப்பா சராசரி எடுக்குறது, ரெண்டு தனி கட்டமா பிரிக்கணும். ஹீமோகுளோபின் 112ன்னு ஒருத்தருக்கு இருந்துச்சு, 11.2ல புள்ளி விட்டு போச்சு, அந்த ஒரே ஆளால மொத்த குரூப்பும் ரத்தம் பொங்கி வழிஞ்சது. ஆண் 1, பெண் 2ன்னு கோட் போட்டுட்டு அதுக்கும் மீன் எடுத்து "சராசரி பாலினம் 1.47"ன்னு டேபிள் போட்ட தீசிஸ் ஒண்ணு இருக்கு, பைண்டிங் போட்டு தங்க எழுத்தோட லைப்ரரில இருக்கு, நான் பொய் சொல்லல. அளக்குறதுலயும் இதே கதை தான். நானும் என் பேட்ச்மேட்டும் ஒரே தோளை அஞ்சு நிமிஷ இடைவெளில அளந்து பாத்தோம், எனக்கு 110, அவனுக்கு 118. 10 டிகிரி வித்தியாசத்தை தேடுற ஸ்டடில அளக்குற கை மாறுனாலே 8 டிகிரி போயிடுது.

சாஃப்ட்வேர் பத்தி தான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க, உண்மையில அது தான் சின்ன விஷயம். ஜமோவி ஃப்ரீ, ஆர் ஃப்ரீ, காசு குடுத்து வாங்க வேண்டிய எஸ்.பி.எஸ்.எஸ். சாஃப்ட்வேருக்கு திருட்டு காப்பி தேடி லேப்டாப்ல வைரஸ் ஏத்திக்க வேண்டாம். முறையா கத்துக்கணும்னா சென்னை அயப்பாக்கத்துல இருக்குற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல ஒரு பேசிக் கோர்ஸ் நடத்துது. பாடம் ஃப்ரீ, எக்ஸாமுக்கு மட்டும் ஃபீஸ். பி.ஜி. டாக்டர்களுக்கு அதை கட்டாயமாக்கிட்டாங்க, கட்டாயம்ங்கறதாலயே நிறைய பேர் வீடியோவ ஓட விட்டுட்டு சாப்பிட போயிடுறாங்க. கட்டாயம் இல்லாத நீங்க உக்காந்து பாருங்க, நல்லா இருக்கும். இன்னொண்ணு, ட்ரையல் பண்றீங்கன்னா சி.டி.ஆர்.ஐ.ங்கற இந்திய ட்ரையல் பதிவேட்டுல ரெஜிஸ்டர் பண்ணணும், 2018 ஏப்ரல்ல இருந்து முதல் பேஷண்ட்ட சேக்குறதுக்கு முன்னாடியே பண்ணா தான் ஏத்துக்குவாங்க. முக்கியமா எதை அளக்கப் போறீங்க, எத்தனை பேர்ன்னு அதுல எழுதியே ஆகணும், மாத்துனா மாத்துனது தெரிஞ்சு போகும். ஃபிஷர் கல்கத்தாவுல சொன்னதை எண்பது வருஷம் கழிச்சு ஒரு ஃபார்ம் செய்ய வைக்குது.

அந்த பையன் கதைக்கு வரேன். "ஷீட்ட அனுப்பு"ன்னேன். முட்டி வலிக்கு டேப்பிங், வலி ஸ்கோர் பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும். நீட்டா தான் போட்டிருந்தான், கோடிங் எல்லாம் சுத்தம். டெஸ்ட் என்னன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டேன். போனை வைக்கப் போறப்ப தான் கவனிச்சேன், 40 பேர்னு சொன்னான், ஷீட்ல 37 வரிசை தான் இருக்கு. கேட்டேன்.

"அவங்க மூணு பேரும் நாலாவது வாரத்துக்கு வரல ணா, அதான் தூக்கிட்டேன்."

"எந்த குரூப்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. "மூணுமே டேப்பிங் குரூப் தான் ணா."

பேஷண்ட் விவரம் எழுதுற ப்ரோஃபார்மால போன் நம்பர் இருக்கும், நாளைக்கு காலைல கூப்பிட்டு ஏன் வரலன்னு கேளுன்னு சொல்லிட்டு தூங்கிட்டேன். மறுநாள் மத்தியானம் வாய்ஸ் நோட் வந்துச்சு. ஒருத்தர் போனே எடுக்கல. ஒரு அம்மாவுக்கு டேப் ஒட்டுன எடத்துல அரிப்பு எடுத்து கொப்புளம் வந்துருச்சாம், சொல்ல சங்கடப்பட்டுக்கிட்டு வராம இருந்துட்டாங்க. மூணாவது ஐயா, "வலி கூடிருச்சு தம்பி, புத்தூர் கட்டு போட்டுக்கிட்டேன்"னாராம்.

இதை எங்க ணா எழுதுறதுன்னு கேட்டான். ரிசல்ட்ஸ்ல முதல் பாராலன்னு சொன்னேன்.